கேட்டலினாவா, ஓரியனா, ஷேக்கில்டனா? ரோந்து விமான மாதிரிக்கு எதை எடுப்பது

சண்டை விமானங்களாகவே செய்து பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கடல் ரோந்து விமானத்தின் மீது ஆசை வரும். எனக்கும் வந்தது. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று உள்ளங்கை அளவு விமானங்கள் அலமாரியில் வரிசையாக நிற்க, பொழுது முழுக்கக் கடலையே பார்த்தபடி மெதுவாகப் பறந்த பெரிய விமானங்கள் பக்கம் மனம் போயிற்று. அவற்றிடம் வேகம் இல்லை. ஆனால் உப்பும் வெயிலும் எண்ணெய்ப் புகையும் மாதக்கணக்கில் படிந்த ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் சுவை.

இதுவரை மூன்று ரோந்து விமானங்களை 1/72 அளவில் (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) முடித்திருக்கிறேன்: கேட்டலினா, ஓரியன், ஷேக்கில்டன். முதல் தடவை எதை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக இவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். எந்த விமானத்தின் மேற்பரப்பு உங்கள் கைக்கும் உங்களிடம் உள்ள கருவிகளுக்கும் ஒத்துவரும்? ரோந்து விமான மாதிரி நிஜமாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் அதன் வெளித்தோலில்தான். விமானி அறையின் நுணுக்கம் அடுத்தபடிதான்.

முதலில் அளவு

கேட்டலினாவின் இறக்கை அகலம் சுமார் 31.7 மீட்டர். 1/144 அளவில் அது 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். 1/72இல் 44 சென்டிமீட்டர், ஒரு முழம். 1/48இல் 66 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை முழம். பெட்டியை வாங்கும் முன் வீட்டில் கையை நீட்டி அளந்து பாருங்கள். ஒன்றரை முழ விமானத்தை அலமாரிக்குள் வைக்க முடியாது. மேலே தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் தூசிக்குக் கொடுக்க வேண்டும். தூசி படிந்த மாதிரியைத் துடைக்கும்போதுதான் ஆன்டெனாக் கம்பிகள் அறுந்துபோகும்.

இடத்தைவிட எனக்கு முக்கியமான காரணம் இன்னொன்று. தகடுகள் சேரும் இடத்தைக் காட்டப் பாகத்தில் செதுக்கியிருக்கும் தகட்டுக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/72இல் அது நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டருக்கும் அதிகமான இடைவெளிக்குச் சமம். 1/144இல் கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர். அப்படி ஓர் இடைவெளி உள்ள விமானம் பறக்கவே பறக்காது. அந்தக் கோட்டில் கறுப்பு மையை வேறு ஊற்றிவிட்டால் விமானம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஆகிவிடும். சிறிய அளவில் கோடுகளை அடக்கியே காட்ட வேண்டும். அடிவண்ணத்தைவிட ஒரு படி மட்டும் கருத்த சாம்பலோ பழுப்போ போதும். 1/144இல் நான் கோட்டுக்குள் எதையும் ஊற்றுவதே இல்லை.

கண்ணுக்கு எட்டும் நுணுக்கமும் வேண்டும், வைக்க இடமும் வேண்டும் என்றால் 1/72தான் என் தேர்வு. கிட்டுகளும், அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டிகளும், இந்த அளவில்தான் அதிகம் கிடைக்கின்றன. தயாரிப்பு நிறுவனங்கள்: கேட்டலினாவுக்கு அகாடமி, ஓரியனுக்கு ஹசேகவா, ஷேக்கில்டனுக்கு ஏர்ஃபிக்ஸும் ரெவெலும். இனி எழுதுவதெல்லாம் இந்த அளவை மனதில் வைத்துத்தான்.

கேட்டலினா

1935இல் முதன்முதலாகப் பறந்த இந்தப் படகு விமானத்தில், இறக்கை உடலின் மீது நேரடியாக உட்காராது. நடுவில் ஒரு தூண். பக்கத்துக்கு இரண்டாக நான்கு முட்டுக்கம்பிகள். நிஜ விமானத்தில் அது எஞ்சின்களைக் கடல்நீரிலிருந்து தூக்கிவைக்க உதவியது. மாதிரி செய்கிறவருக்கோ அது பெரிய வசதி. உடலைத் தனியாகவும் இறக்கையைத் தனியாகவும் ஒட்டி, தேய்த்து, வண்ணமடித்து, டீக்கால் (சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட ஒட்டுத்தாள்) ஒட்டி, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். முழ நீள இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டே உடலுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டும் வேதனை இதில் இல்லை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் புட்டி வைத்துத் தேய்க்கும் வேலையும் ஏறக்குறைய இல்லை.

இறக்கையின் மேற்பரப்பும் வண்ணமடிப்பவருக்கு நிறையத் தருகிறது. கேட்டலினாவின் இறக்கையில் முன்பகுதி உலோகத் தகடு, பின்பகுதி துணி. இரண்டும் ஒரே மாதிரி வெளுப்பதில்லை. தகட்டில் திட்டுத் திட்டாகவும் துணியில் சீராகவும் வெளுத்துக் காட்டினால் போதும், பார்க்கிறவர் காரணம் தெரியாமலே ‘இது நிஜம்’ என்று நம்பிவிடுவார். எஞ்சின் புகைக்குழாய்கள் கூட்டின் மேற்பக்கம் திறப்பதால், கரிக்கறை இறக்கையின் மேலாகவே பின்னோக்கி ஓடும். உடலின் அடிப்பாகத்தில் நீர்மட்டம் பட்ட இடத்தில் ஒரு மங்கலான பட்டை.

வெளுத்த திட்டுகளுக்கு எனக்குப் பிடித்த முறை உப்பு முறை. அடிவண்ணம் நன்றாகக் காய்ந்தபின் மேற்பரப்பைத் தண்ணீரால் நனைத்து, கல்லுப்பை ஒழுங்கில்லாமல் தூவி, அது காயும்வரை விட வேண்டும். அப்புறம் ஒரு படி வெளிர்ந்த அதே நிறத்தை மெல்லிய படலமாகத் தெளித்து, காய்ந்ததும் உப்பைக் கழுவிவிட வேண்டும். உப்பு இருந்த இடங்களில் பழைய நிறம் புள்ளி புள்ளியாக நிற்கும். கடலில் உப்பு செய்த வேலையை இங்கேயும் உப்பையே கொண்டு காட்டுகிறோம். அதில் எனக்கு ஒவ்வொரு முறையும் தனி மகிழ்ச்சி.

ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி) இல்லாதவர்களுக்கும் இந்த விமானம் கைகொடுக்கும். உப்பு முறைக்குத் தெளிப்பான் வேண்டும் என்றாலும், மங்கல் நீலச்சாம்பலைத் தூரிகையாலேயே பல மெல்லிய படலங்களாகப் பூசலாம். சின்னச் சின்ன நிற வேறுபாடுகள் வெயில் தின்ற வண்ணமாகவே தெரியும். மற்ற இரண்டு விமானங்களிலும் இந்தச் சலுகை கிடையாது.

சிக்கல்கள் இரண்டு. பின்புறப் பக்கங்களில் இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் முதல் சிக்கல். உடலின் உட்புறம் நன்றாகத் தெரிகிற ஒரே இடம் அதுதான் என்பதால் உள் அலங்காரத்தை அங்கே மட்டும் செய்தால் போதும். ஆனால் சூப்பர் குளூவை அதன் அருகே கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பனித்துவிடும். மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும்.

இரண்டாவது, எடை. சக்கரம் உள்ள கேட்டலினாவில் முன்சக்கரம் மூக்கின் கீழே இருக்கிறது. மூக்கில் எடை போதாவிட்டால் முடிந்த மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். என் முதல் கேட்டலினா அப்படித்தான் ஆயிற்று. உடல் பாதிகளை ஒட்டியபின் உள்ளே எதையும் வைக்க வழியில்லாமல், முன்சக்கரக் குழி வழியாக ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகத் திணித்தேன். ஒட்டுவதற்கு முன்பே பாகங்களை டேப்பால் கட்டி, பக்கச் சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எந்த நாள், எந்த விமானம்

கேட்டலினா எடுப்பவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். இதில் முக்கியமாக இரண்டு வகை: சக்கரமே இல்லாத தூய படகு விமானம், சக்கரமும் உள்ள பிபிஒய்-5ஏ. 1941 மே 26 அன்று ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைக் கண்டுபிடித்த பிரிட்டிஷ் கேட்டலினாவுக்குச் சக்கரம் கிடையாது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைப் பார்த்து எச்சரித்த கனடிய விமானி லெனர்ட் பர்ச்சலின் விமானமும் அதே வகைதான். சக்கர வகைக் கிட்டை வாங்கி இந்த விமானங்களின் எழுத்துகளை ஒட்டினால், பக்கவாட்டில் இருக்கும் சக்கரக் குழிகளே தவறைக் காட்டிக்கொடுக்கும். அவற்றைத் தகடு வைத்து மூடித் தேய்த்து மறைக்கலாம்தான். ஆனால் முதல் மாதிரியிலேயே அந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

சக்கர வகைக் கிட் கையில் இருந்தால் 1942 ஜூன் 3, பசிபிக் கடலில் மிட்வே போர் நேரத்தை எடுங்கள். அன்று காலை ஜப்பானியக் கப்பல்களைக் கண்ட அமெரிக்க விமானி ஜாக் ரீடின் விமானம் பிபிஒய்-5ஏ. மேலே நீலச்சாம்பல், கீழே வெளிர் சாம்பல். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டும், வாலில் இருந்த சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பக் கூடாது என்று நீக்கப்பட்டன. பெட்டியில் வரும் டீக்காலில் பொட்டு இருந்தால் வெள்ளை வண்ணத்தால் மூடிவிடுங்கள். பழைய வண்ணத்தின் மேல் புதிதாகப் பூசிய திட்டு நிஜ விமானங்களிலும் அப்படியே தெரிந்திருக்கும். ஆகவே அந்த இடம் சற்று வேறாகத் தெரிந்தால் தவறில்லை, அழகுதான்.

ஓரியன்

எலெக்ட்ரா பயணிகள் விமானத்திலிருந்து பிறந்தது பி-3 ஓரியன். நீளம் 35.6 மீட்டர், 1/72இல் ஏறக்குறைய அரை மீட்டர். நான்கு டர்போபிராப் எஞ்சின்கள். வாலுக்குப் பின்னால் கொடுக்கு மாதிரி நீளும் காந்த உணரி. நீர்மூழ்கியின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றத்தை உணர்வது அதன் வேலை. விமானத்தின் சொந்த உலோகம் குறுக்கிடக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மேசையில் முதலில் இடிபடுவதும் அதுதான். உடலை ஒட்டிய நாளிலிருந்து கடைசி நாள்வரை அதில் துணி சுற்றியே வைத்திருந்தேன்.

இதன் உடல் ஒரு நீண்ட குழாய். குழாயின் மேல்முதுகில் ஒரு கோடு, அடிவயிற்றில் ஒரு கோடு, முனையிலிருந்து முனைவரை. அமெரிக்கக் கடற்படையின் பழைய பாணியில் மேலே பளபளக்கும் வெள்ளையும் கீழே வெளிர் சாம்பலும் அடிப்பதாக இருந்தால், முதுகுக் கோட்டின் மிகச் சிறிய பள்ளம்கூட விளக்கு வெளிச்சத்தில் தழும்பாகத் தெரியும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறி, பிரைமர் அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்து, குறை தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் ஐந்து சுற்று போனேன். வெள்ளை நிறத்துக்கு மூடும் சக்தி குறைவு. ஒரே தடவையில் மூடப் பார்த்தால் ஓரங்களில் வடிந்துவிடும். வெளிர் சாம்பல் பிரைமரின் மேல் நான்கைந்து மெல்லிய படலங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொறுமை. இந்த வெள்ளையைத் தூரிகையால் யாரையும் முயலச் சொல்ல மாட்டேன். ஏர்பிரஷ் வேண்டும், குறைந்தது ஸ்பிரே டப்பாவாவது வேண்டும்.

பிற்கால ஓரியன்கள் முழுக்க மங்கல் சாம்பல், சின்னங்களும் சாம்பல். மங்கல் வண்ணம் குறைகளை ஓரளவு மன்னிக்கும். ஆனால் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரே சாம்பலை விட்டால் பொம்மையாகிவிடும். பிரைமரின் மேல் வெவ்வேறு அடர்த்தியில் ஒழுங்கற்ற கிறுக்கல்களைத் தெளித்து, அவை பாதி தெரியும்படி அதன் மேல் சாம்பலை மெல்லியதாக அடிக்க வேண்டும். இங்கே கேட்டலினாவின் அழுக்கை அப்படியே கொண்டுவந்துவிடக் கூடாது. ஓரியன்கள் கடலுக்கு மேலே தாழப் பறந்து திரும்பியதும், ஓடுதளத்தின் அருகே நன்னீர்த் தாரைகளுக்கு நடுவே ஓட்டிச் சென்று கழுவும் வழக்கம் உண்டு. ஆகவே உப்புப் படலம் வேண்டாம். எஞ்சின் புகை இறக்கையின் மேலாக ஓடி விட்ட கறையும், எண்ணெய்க் கசிவும், தொட்டுத் தொட்டு வண்ணம் பூசிய திட்டுகளும்தான் அதன் வயதைச் சொல்கின்றன.

வகைகளிலும் கவனம் வேண்டும். பி-3சியின் வயிற்றில், இறக்கைக்குப் பின்னால், ஒலிமிதவைகளை (கடலில் மிதந்து நீர்மூழ்கியின் ஒலியைக் கேட்கும் கருவிகளை) வீசும் 48 குழாய்களின் வட்ட வாய்கள் வரிசையாக இருக்கும். முந்தைய வகைகளில் அந்த வரிசை இல்லை. புட்டி தேய்க்கும்போது இந்த வட்டங்கள் அழிந்துபோகும். நான் அவற்றின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்த்தேன். அப்புறம் வாலிலிருந்து முன்னுடலுக்கு ஓடும் ஆன்டெனாக் கம்பிகள். ஆறு மில்லிமீட்டர் கம்பி 1/72இல் 0.08 மில்லிமீட்டர்தான். தையல் நூல் இதற்குத் தடிமன். இழுபடும் மெல்லிய நைலான் இழைதான் பொருந்தும், கை பட்டாலும் அறாது.

இதைப் படித்தால் ஓரியன் வேண்டாம் என்று சொல்வது போலத் தோன்றலாம். அப்படி இல்லை. வழவழப்பான மேற்பரப்பை உருவாக்குவதில் இன்பம் காண்பவர்களுக்கு இதைவிட நல்ல விமானம் கிடையாது. கார் மாதிரிகள் செய்து பழகியவர் நேரே ஓரியனுக்கே போகலாம்.

ஷேக்கில்டன்

1949இல் முதலில் பறந்து, கடைசி வகை 1991வரை சேவையில் இருந்த பிரிட்டிஷ் விமானம். லங்காஸ்டர் வழியில் வந்தது. 1/72இல் இறக்கை 51 சென்டிமீட்டர். நான்கு கிரிஃபன் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிரே சுழலும் இரண்டு விசிறிகள், விசிறிக்கு மூன்று அலகு. மொத்தம் 24. ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, தேய்த்து, கறுப்படித்து, நுனிக்கு மஞ்சள் பூசி, சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். முன்விசிறியின் முறுக்கும் பின்விசிறியின் முறுக்கும் எதிரெதிர் என்பதால் பாகங்களைக் கலந்துவிடக் கூடாது. நான் இரண்டு கிண்ணங்களில் பிரித்து வைத்தேன்.

அடர் கடற்சாம்பல் உடலும் நீண்ட புகைக்கறையும் சேர்ந்து இதற்கு ஒரு கம்பீரம் உண்டு. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனாலும் முதல் ரோந்து விமானமாக இதைச் சொல்ல மாட்டேன். நான்கு எஞ்சின் விமானம் ஒன்றையாவது முன்பே முடித்தவர் எடுக்கட்டும். எம்.ஆர்.2 வகைக்கு வால்சக்கரம், எடை தேவையில்லை. எம்.ஆர்.3 வகைக்கு முன்சக்கரம், மூக்கில் ஈயம் வேண்டும்.

சண்டர்லாந்தைப் பற்றியும் கேட்பார்கள். அழகான படகு விமானம், உள்ளே இரண்டு தளம், சமையலிடம், படுக்கைகள். அத்தனையும் உடல் மூடியபின் யார் கண்ணிலும் படாது. இன்றைய ரோந்து விமானமான பி-8 பெரும்பாலும் 1/144இல் கிடைக்கிறது. சிலர் 737 பயணிகள் விமானக் கிட்டையே மாற்றிச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் இறக்கை நுனியை மறக்காதீர்கள். பி-8க்கு மேல்நோக்கி வளைந்த சிறகு கிடையாது, பின்னோக்கிச் சாய்ந்து நீளும் நுனி. இந்தியாவின் பி-8ஐக்கு வாலில் காந்த உணரி உண்டு, அமெரிக்காவின் பி-8ஏவுக்கு இல்லை. தோல் மிகச் சுத்தம். முதுமையைக் காட்ட விரும்புகிற என் கைக்கு அதில் வேலை குறைவு.

பணமும் நேரமும் எங்கே போக வேண்டும்

கிட்டோடு கூடவே ரெசின் எஞ்சின், உலோகத் தகட்டு இருக்கைகள், முழு உள்ளறை என்று கூடுதல் பொருள்கள் கண்ணைப் பறிக்கும். ஷேக்கில்டனின் உள்ளறைக்காக நான் மூன்று வாரம் உழைத்தேன். உடலை மூடிய அன்றே அது இருட்டுக்குள் போய்விட்டது. சிறு ஜன்னல் வழியாகத் தெரிவது ஒரு நாற்காலியின் முதுகு மட்டும். அந்தப் பணத்தில் முதலில் கண்ணாடிகளுக்கான வெட்டிய மாஸ்க் வாங்குங்கள். நிறைய ஜன்னல் உள்ள விமானத்துக்கு அது நாள்கணக்கில் நேரம் மிச்சப்படுத்தும். அடுத்து நல்ல டீக்கால். பழைய பெட்டியில் வரும் டீக்கால் மஞ்சளாகியிருந்தால் சில நாள் ஜன்னல் வெயிலில் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுக்கும். தேவையில்லாத ஒன்றை முதலில் தண்ணீரில் போட்டு, நொறுங்குகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

ஆக, ஏர்பிரஷ் இல்லை, முதல் பெரிய விமானம் இதுதான் என்றால் சக்கரம் உள்ள கேட்டலினா. ஏர்பிரஷ் இருக்கிறது, தேய்ப்பதில் சலிப்பு வராது என்றால் வெள்ளை ஓரியன். ஏர்பிரஷ் புதிது என்றால் சாம்பல் ஓரியன். ஷேக்கில்டன் அதற்கு அடுத்த வருடம்.

ஒட்டத் தொடங்கும் முன் இன்னும் ஒரு முடிவு பாக்கி: தரையிலா, தண்ணீரிலா, வானத்திலா? கேட்டலினாவைத் தண்ணீரில் வைப்பதானால் இறக்கை நுனி மிதவைகளைக் கீழே இறக்கி, உடலை நீர்மட்டத்தில் வெட்டி, அமைதியான விரிகுடா மாதிரி சிற்றலை மட்டும் காட்டுங்கள். பெரிய அலை இந்த அளவில் பொய்யாகத் தெரியும். ஓரியனுக்கு எனக்குப் பிடித்தது வானம்தான். சக்கரத்தை மடக்கிவிடுவதால் மூக்கில் எடையும் வேண்டாம். ரோந்தில் எரிபொருளை மிச்சப்படுத்த ஓரியன் விமானிகள் இடது வெளிப்புற எஞ்சினை முதலில் நிறுத்திவிடுவார்கள், அதில் ஜெனரேட்டர் இல்லை என்பதால். ஆகவே அந்த ஒரு விசிறியின் அலகுகளை மட்டும் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி அசையாமல் ஒட்டி, மற்ற மூன்றுக்கும் மெல்லிய ஒளிபுகும் வட்டத் தகடு வைத்தேன். விமானம் தெரிந்தவர்கள் அலமாரி அருகே வந்ததும் முதலில் அந்த நின்ற விசிறியைத்தான் பார்க்கிறார்கள்.